மூன்றாம் சிலிண்டரும் செப்புச் சதமும்

நான் போன வருடம் ஓய்வு பெற்றபோது பட்டறையில் ஒரு பிரியாவிடை வைத்தார்கள். வடையும் ரோல்ஸும் சோடாவுமாக எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தன. பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். அதோடு விழா கெட்டது.

எழும்பி நின்றேன். வேர்த்தது. இளம் மெக்கானிக் ஒருவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணை, இப்ப நாங்கள் கம்பியூட்டர்ப் பெட்டியைக் கொழுவினா எந்த இன்ஜெக்டர் பிழை எண்டு எழுத்திலயே வருது. உங்கட காலத்தில எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"காதால" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் நலன்புரிச் சங்கச் செயலாளர் கூட்டக் குறிப்பில், நான் "அனுபவங்களை விரிவாகப் பகிர்ந்துகொண்டார்" என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பொய்யை உண்மையாக்கச் சொல்லி இந்த மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். எழுதுவது எனக்குப் பரவாயில்லை. தாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காது.

நான் படித்தது சாதாரண தரப் பரீட்சை வரை. பிறகு திருகோணமலை இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த படகுப் பட்டறையில் மூன்று வருடம் பயிலுனர். முதல் வருடம் எஞ்சின்களைக் கழுவினேன். இரண்டாம் வருடமும் கழுவினேன். மூன்றாம் வருடம் மற்றவர்கள் கழுவியதைத் துடைத்தேன். நிரந்தரமானபோது என்னை இன்ஜெக்டர் அறையில் போட்டார்கள். நான் கெட்டிக்காரன் என்பதற்காக அல்ல. முழுப் பட்டறையிலும் கதவு உள்ள அறை அது ஒன்றுதான். தூசி போகக்கூடாது என்பதால் கதவை எப்போதும் பூட்டியே வைத்திருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மட்டும்தான் இருக்கலாம். மற்றவர்களுக்கு அது மறியல் வீடு. எனக்கு அது சொர்க்கம்.

டீசல் எஞ்சினைப் பற்றித் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் ஒரு இன்ஜெக்டர் இருக்கும். டீசலை மார்கழிக் காலைப் பனி மாதிரித் தூவி உள்ளே அனுப்புவது அதன் வேலை. நுனியில் கரி பிடித்தால் தூவாது. சளி பிடித்த மூக்கு மாதிரி ஒழுகும். அப்போது எஞ்சின் குலுங்கும், புகைக்கும், இருமும்.

குலுங்கும் எஞ்சினில் எந்தச் சிலிண்டர் பிழை என்று பிடிக்க ஒரு வழி உண்டு. எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் டீசல் கொண்டுபோகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக இளக்க வேண்டும். இளக்கியதும் எஞ்சினின் சத்தம் விழுந்தால் அந்தச் சிலிண்டர் அதுவரை ஒழுங்காக வேலை செய்தது என்று அர்த்தம். இளக்கியும் சத்தம் மாறாவிட்டால் கள்ளன் அங்கேதான் இருக்கிறான். கந்தோர்களிலும் இந்த முறை பலிக்கும். ஒருவர் லீவு எடுத்தும் வேலை குறையாவிட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

கள்ளனைக் கழற்றி அறைக்குக் கொண்டுவருவேன். பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நுனியைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பேன். உருக்குத் தூரிகை ஆகாது, துளை பெருத்துவிடும். உள்ளே இருக்கும் ஊசியைச் சுத்தமான டீசலில் நனைத்து அதன் கூட்டுக்குள் பாதி விட்டால், தன் பாரத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். தள்ளினால்தான் இறங்கும் என்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது. பிறகு பூட்டி, கைப்பம்பில் கொழுவி, பழைய பத்திரிகைத் தாளுக்கு நேரே பிடித்து நெம்புகோலை அமத்துவேன். நல்ல இன்ஜெக்டர் "கிர்ர்" என்று ஒரு சத்தம் போட்டுத் தாளில் வட்டமாகப் படியும். கூடாதது சத்தமில்லாமல் ஒரு சொட்டு விடும். அதிகம் பேசாத நான் அதிகம் பேசாத இன்ஜெக்டர்களைக் குறை சொல்லிக் காலம் தள்ளினேன்.

போர்மன் குணநாயகத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமான, ஒடிசலான மனிதர். யாரையும் ஏசமாட்டார். பயிலுனரையும் "நீங்கள்" என்றுதான் கூப்பிடுவார். அவர் கேள்வி மட்டும்தான் கேட்பார், அதுவும் எல்லோருக்கும் முன்னால். "ஏன் தம்பி இதைக் கழட்டினனீங்கள்?" பதில் வரும்வரை அசையாமல் நிற்பார். எனக்கு அதைவிட இரண்டு அடி அடித்திருக்கலாம்.

எஞ்சினைப் பட்டறையில் இருந்து வெளியே விடுமுன் அவர் ஒரு சோதனை வைப்பார். விளிம்பு வரை நிரப்பிய ஒரு கிளாஸ் பிளேன் டீயை ஓடும் எஞ்சினின் மேல் மூடியில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நூறு வரை எண்ணுவார். ஒரு சொட்டுச் சிந்தினாலும் எஞ்சின் திரும்பப் போக வேண்டும். சிந்தாவிட்டால் அந்தத் தேத்தண்ணியை வேலை செய்தவர் குடிக்க வேண்டும். அதற்குள் அது ஆறி, டீசல் மணத்துடன் இருக்கும். பரிசுக்கும் தண்டனைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கலாம். யுத்த காலத்தில் எங்கள் கடலில் ஒரு படகு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது யாருக்கும் முக்கியமில்லை. எவ்வளவு நன்றாக மெதுவாக ஓடுகிறது என்பதுதான் முக்கியம். அதை நாங்கள் "ஸ்லோ" என்போம். மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சு குடாவின் நடுவுக்கு வந்ததும் கடற்படையின் ரோந்துப் படகு கை காட்டும். உடனே எஞ்சினை ஸ்லோவில் விட்டு, இருந்த இடத்திலேயே காத்து நிற்க வேண்டும். ஸ்லோவில் எஞ்சின் செத்தால் நீரோட்டம் படகைத் தடைசெய்யப்பட்ட பக்கத்துக்கு இழுத்துப் போகும். சாகாமல் இருக்கட்டும் என்று ஓட்டி வேகத்தைக் கூட்டினால் தப்பி ஓடுவது போல இருக்கும். இரண்டும் ஆபத்து. லோஞ்சில் இருந்த அறுபது பேரின் உயிரும் அந்த ஸ்லோவில்தான் தொங்கியது.

அந்த லோஞ்சின் எஞ்சின் ஓட்டுநர் ஹனீபா நானா. மூதூர்க்காரர், எங்கள் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். வாய் ஓயாத மனிதர். நான் கூச்சப்படுவதைக் கண்டுபிடித்த நாளில் இருந்து என்னை "மாப்புள" என்றுதான் கூப்பிடுவார். அறைக் கதவைத் தட்டி, "மாப்புள, பொண்ணு வீட்டார் வந்திரிக்கம், கதவத் தொறங்க" என்று பட்டறை முழுக்கக் கேட்கக் கத்துவார்.

தொண்ணூறுகளில் ஒரு வருடம் செப்பு வாஷருக்குத் தட்டுப்பாடு வந்தது. இன்ஜெக்டரின் அடியில் ஒரு செப்பு வளையம் வைத்துத்தான் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டரின் காற்று வெளியே சீறும். கொழும்பில் இருந்து சாமான் வந்து மாதக்கணக்காகிவிட்டது. பழைய வாஷரைத் தணலில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் திரும்ப மெதுமையாகும். அப்படி எத்தனை முறை செய்ய முடியும்? கடைசியில் அவை சவர்க்காரத் துண்டு மாதிரித் தேய்ந்து போயின.

ஹனீபா நானா ஒரு நாள் மடியில் இருந்து ஒரு கைப்பிடி பழைய செப்புச் சதங்களை எடுத்து என் மேசையில் கொட்டினார். வெள்ளைக்காரன் காலத்துச் சதங்கள். ஒரு பக்கம் ராசாவின் தலை.

"வாப்பாட பெட்டகத்துக்க கிடந்திச்சி. இதுல செய்ய ஏலாதா மாப்புள?"

அளந்து பார்த்தேன். அகலம் கிட்டத்தட்டச் சரி. நடுவில் துளைத்து, ஓரத்தை அராவினால் போதும்.

"ராசாட மூக்கில ஓட்டை விழும்" என்றேன்.

"அவரு மௌத்தாகி எவ்வளவு காலம். இனி மூக்கு என்னத்துக்கு?"

ஒரு திங்கட்கிழமை அவருடைய லோஞ்சின் நாலு இன்ஜெக்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து, நாலு சத வாஷருடன் திரும்பப் பூட்டினேன். போர்மன் அன்று கப்பல்துறைக் கிராமத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். அதனால் தேத்தண்ணிச் சோதனை இல்லை. ஹனீபா நானாவுக்கும் இரண்டு மணிக்குப் பயணம். "சும்மா தாங்க, வெய்யிலுக்க தேத்தண்ணி எதுக்கு" என்று எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்.

"மாப்புள, இஞ்சின் ஸ்லோவுல நடுங்குது. குளிர்காச்சல் மாதிரி."

போய்ப் பார்த்தேன். நடுங்கியது. வெள்ளைப் புகை வந்து கண்ணைக் கரித்தது. நட்டுகளை இளக்கினேன். மூன்றாம் சிலிண்டர். அந்த இன்ஜெக்டரைக் கழற்றினேன்; சத வாஷரும் அதன் நுனியில் ஒட்டிக்கொண்டே வந்தது. திரும்பக் கழுவி, கைப்பம்பில் வைத்தேன். "கிர்ர்." தாளில் அழகான வட்டம். பூட்டினேன். நடுங்கியது. போர்மன் வந்து கிளாஸை வைத்தார். பத்து எண்ணுமுன் பாதித் தேத்தண்ணி எஞ்சின் குடித்துவிட்டது.

"ஏன் தம்பி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

புதன்கிழமை அவர் சொன்னபடி மூன்றாம் இன்ஜெக்டரை இரண்டாம் சிலிண்டரிலும் இரண்டாவதை மூன்றிலும் மாற்றிப் போட்டேன். பிழை இன்ஜெக்டரில் இருந்தால் அது கூடவே இடம் மாறும். மாறவில்லை. மூன்றாம் சிலிண்டர்தான் அப்போதும் சோம்பியது. போர்மன் நாடியைத் தடவினார்.

"அப்ப வால்வாத்தான் இருக்கும். தலையைக் கழட்டவேணும். கழட்டினா பூட்ட கெஸ்கட் இல்லை. ஹனீபா, கெஸ்கட் வருமட்டும் கவனமா ஓட்டுங்கோ."

கவனமாகத்தான் ஓட்டினார். வியாழக்கிழமை குடாவின் நடுவில் ரோந்துப் படகு கை காட்டியது. ஹனீபா நானா ஸ்லோவில் விட்டார். எஞ்சின் நாலு தரம் இருமிவிட்டுச் செத்தது. லோஞ்சு இழுபடத் தொடங்கியது. ரோந்துப் படகில் துவக்குகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. அறுபது பேரும் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்களாம். ஒருவர் ஒரு கையில் கோழியோடு. கோழி கத்தியது தவிர வேறு சத்தம் இல்லை என்று ஹனீபா நானா பிறகு சொன்னார். எஞ்சின் ஏழாம் தடவைதான் கிளம்பியது. அன்று அவர் கதவைத் தட்டவில்லை. பேசாமல் வந்து வாசலில் குந்தினார். அவர் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடற்படையிடம் இருந்து முறைப்பாடு வந்தது. அதோடு எங்கள் கந்தோர் ஐயா பட்டறைக்குள் வந்தார். கந்தோர் ஐயா என்றால் நிர்வாகப் பொறுப்பாளர். எஞ்சினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தன் மூக்கில் அவருக்கு அளவு கடந்த நம்பிக்கை. கருவாட்டை மணந்து எந்தக் கரையில் காய்ந்தது என்று சொல்வாராம். கைலேஞ்சியால் சட்டையைப் பாதுகாத்தபடி லோஞ்சில் ஏறி, எஞ்சினுக்கு மேல் குனிந்து மூச்சை இழுத்தார்.

"மண்ணெண்ணெய்!" என்றார்.

எல்லோரும் ஹனீபா நானாவைப் பார்த்தார்கள்.

"டீசலை அங்கால வித்துப்போட்டு மண்ணெண்ணெய் கலந்து ஓடுறீர். அதுதான் இஞ்சின் நடுங்குது."

"ஐயா, அல்லாட ஆணையா நான் ஒரு சொட்டு..."

"ஆணையிட வேண்டாம். பின்னேரம் மூண்டு மணிக்குக் கடிதம் நேவிக் காம்புக்குப் போகும். அங்க சொல்லும்."

மூதூருக்கு அப்பால் இருந்த புலிகளின் பகுதிக்கு டீசல் கொண்டுபோவது அந்நாளில் விளையாட்டு அல்ல. அந்தக் கடிதம் போனால் ஹனீபா நானாவின் வேலை மட்டும் போகாது, ஆளே போய்விடுவார். எப்போது திரும்பி வருவார் என்று கேட்க ஓர் இடமும் இருக்காது. அவருக்கு மனைவியும் நாலு பெண் பிள்ளைகளும்.

மண்ணெண்ணெய் மணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளாக நான் மண்ணெண்ணெயில் கழுவிய கையோடு அந்த எஞ்சினின் மேல் கிடந்தேன். ஒரு துணியையும் அங்கேயே விட்டிருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. கந்தோர் ஐயா போய்விட்டார்.

அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். கை சும்மா இருக்கவில்லை, மேசையை ஒழுங்குபடுத்தினேன். கழற்றும் பழைய வாஷர்களை எஞ்சினுக்கு ஒன்றாகக் கம்பியில் கோத்து ஆணியில் தொங்கவிடுவது என் வழக்கம். ஹனீபா நானாவின் கம்பியையும் எடுத்தேன். நாலு சிலிண்டர். நாலு பழைய வாஷர் இருக்க வேண்டும்.

மூன்றுதான் இருந்தன.

திங்கட்கிழமை மூன்றாம் இன்ஜெக்டரைக் கழற்றியபோது பழைய வாஷர் அதனோடு வரவில்லை. குழியின் அடியில், கரியோடு கரியாக ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது. அதன் மேலேதான் நான் ராசாவை உட்கார வைத்திருக்கிறேன். இரண்டு வாஷர் உயரத்தில் இன்ஜெக்டர் ஏறி நின்று, பனி தூவ வேண்டிய இடத்துக்கு நுனி எட்டாமல் குழியின் சுவருக்குத் தூவுகிறது. எத்தனை தரம் கழுவினாலும், எந்த இன்ஜெக்டரை மாற்றினாலும் அந்தக் குழியில் அதே கதைதான். வால்வில் பிழை இல்லை, டீசலில் பிழை இல்லை. பிழை என்னில்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். போர்மனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் எல்லோருக்கும் முன்னால் "ஏன் தம்பி?" என்று கேட்பதையும் நினைத்தேன். பிறகு எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. நல்லது என்று அப்போது நினைத்தேன். யாருக்கும் தெரியாமல் வாஷரை எடுத்துவிட்டால் எஞ்சின் சரியாகிவிடும். எஞ்சின் சரியானால் பிரச்சினை எங்கே?

லோஞ்சுக்கு இறங்கினேன். இன்ஜெக்டரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தேன். குழியின் அடியில் கறுப்பாக ஒரு வட்டம். ஒரு முக்கோண அரத்தின் கூர்வாலில் கிறீஸ் பூசி, வாஷரின் துளைக்குள் அமத்தித் திருகி இழுத்தேன். பல் பிடுங்கிய மாதிரி வந்தது. பூட்டி எஞ்சினைக் கிளப்பினேன். அது பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. வாஷரைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.

சத்தம் கேட்டு ஹனீபா நானா சோற்றுக் கையோடு ஓடி வந்தார். பின்னால் நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் கந்தோர் ஐயா.

"சரியாயிட்டு! ஐயா, பாருங்க, சரியாயிட்டு!"

கந்தோர் ஐயா எஞ்சினின் சத்தத்தைக் கேட்டார். தலையை ஆட்டினார்.

"பாத்தீங்களோ? கடிதம் எழுதுறன் எண்டதும் நல்ல டீசல் ஊத்திப்போட்டார். இதைவிட வேற சாட்சி வேணுமோ?"

ஹனீபா நானாவின் கையில் இருந்த சோறு உதிர்ந்தது. நான் பைக்குள் வாஷரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் சூடாக இருந்தது. என் கெட்டித்தனத்தால் அவரை நானே இரண்டாம் தடவை மாட்டிவிட்டிருக்கிறேன்.

போர்மனின் அறைக்குப் போனேன். அவர் சோற்றுப் பார்சலை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கறுப்பு வாஷரை அவருடைய சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் வாஷரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எத்தினையாவது?"

"மூண்டு."

அவர் அப்பளத்தைக் கடித்து முடித்தார். அவ்வளவு நேரம் எடுத்து அப்பளம் தின்ற மனிதரை நான் கண்டதில்லை.

"எனக்குக் காட்டினீங்கள், நான் நம்புறன். அவர் நம்பமாட்டார். பையில இருந்து எடுத்த வாஷரை ஆரும் காட்டலாம்." கையைக் கழுவினார். "திரும்பப் போடுங்கோ."

"என்ன?"

"இருந்த இடத்திலயே திரும்பப் போடுங்கோ. இஞ்சின் நடுங்கட்டும். பிறகு அவருக்கு முன்னால எடுங்கோ. கதைக்கிறதும் நீங்கள்தான். நான் வாய் திறக்கமாட்டன்."

முப்பது வருடத்துக்கு மேல் எஞ்சின்களைத் திருத்தியிருக்கிறேன். நல்ல எஞ்சினை வேண்டுமென்று கெடுத்தது அந்த ஒரு நாள்தான். வாஷரைக் குழிக்குள் இறக்கி, குச்சியால் அமத்தி, மேலே ராசாவோடு இன்ஜெக்டரைப் பூட்டினேன்.

இரண்டரை மணிக்கு கந்தோர் ஐயா வந்தார். தட்டெழுதிய கடிதம் பைலுக்குள் இருந்தது. போர்மனின் கையொப்பமும் வேண்டும் என்றார். போர்மன் மிகவும் பணிவாக, "பைலை இதில வையுங்கோ ஐயா, ஏன் கையில பாரம்" என்று எஞ்சின் மூடியைக் காட்டினார். பைலுக்குப் பக்கத்திலேயே நிரப்பிய தேத்தண்ணிக் கிளாஸையும் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எஞ்சினைக் கிளப்பினேன். அது குளிர்காச்சலோடு எழும்பியது. கிளாஸ் இரண்டு துள்ளுத் துள்ளி, மூன்றாவதில் பைலின் மேல் படுத்தது.

"ஐயோ, கடிதம்!" என்றார் கந்தோர் ஐயா.

"நூறு மட்டும் எண்ணேல்லை" என்றார் போர்மன்.

எஞ்சினை நிறுத்தினேன். இருபது பேர் சுற்றி நின்றார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சினுடன் பேசத் தொடங்கினேன்.

"இது... மூண்டாவது. திங்கட்கிழமை நான் கழட்டினனான். பழைய வாஷர் உள்ள நிண்டிட்டுது. நான் பாக்கேல்லை. மேல புதுசு போட்டன். டீசலில பிழை இல்லை."

"சத்தமா செல்லுங்க மாப்புள, எனக்குக் கேக்கல்ல" என்றார் பின்னால் ஹனீபா நானா.

திரும்பவும் சொன்னேன். இந்த முறை எனக்கே என் சத்தம் கேட்டது. இன்ஜெக்டரைக் கழற்றினேன். கந்தோர் ஐயாவைக் குனிந்து பார்க்கச் சொல்லி டோர்ச் அடித்தேன். அவருடைய மூக்கு குழிக்குள் போகாத குறை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாஷரைத் திருகி எடுத்தேன். தாங்கியில் இருந்த டீசலை ஒருவரும் தொடவில்லை. பூட்டினேன். கிளப்பினேன். போர்மன் வேறு ஒரு கிளாஸை நிரப்பி வைத்து, நூறு வரை எண்ணினார். தேத்தண்ணி குளம் மாதிரிக் கிடந்தது.

"அப்ப மண்ணெண்ணெய் மணம்?" என்றார் கந்தோர் ஐயா. விட்டுக்கொடுக்க அவருக்கும் கஷ்டம்தான்.

சொல்லத் தெரியாமல், இரண்டு கையையும் அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் பழக்கதோஷத்தில் மணந்துவிட்டார். பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்க, பட்டறையே சிரித்தது. போர்மன் மட்டும் சிரிக்கவில்லை. கிளாஸை எடுத்து என்னிடம் தந்தார். குடித்தேன்.

கடிதம் காம்புக்குப் போகவில்லை. ஆனால் கந்தோர் ஐயா ஒரு கடிதம் எழுத நினைத்தால் எழுதாமல் விடமாட்டார். அடுத்த கிழமை எனக்கு ஒன்று வந்தது. அரச தலை பொறித்த நாணயங்களைத் துளையிட்டுச் சேதப்படுத்தியமைக்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார். ராசா இப்போது எங்கள் ராசா இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது என் பைலில் இன்னும் இருக்கிறது.

போர்மன் தந்த தண்டனை வேறு. ஒரு மாதம் நான் அந்த லோஞ்சிலேயே போய் வர வேண்டும். "நீங்கள் பூட்டின இஞ்சின். கை காட்டேக்க பக்கத்தில நீங்களும் இருங்கோ" என்றார். அதில் எனக்கு மறுப்பு இல்லை. பயமெல்லாம் ஹனீபா நானாவைப் பற்றித்தான். மூன்று நாளாக அவர் என்னோடு கதைக்கவில்லை. கடைசியில் நானே போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"ரெண்டு நாள் என்ட பொஞ்சாதி சோறு திங்கல்ல" என்றார் என்னைப் பார்க்காமல். "நீங்க பொட்டியில அடச்ச கிளி மாதிரி உள்ள இருந்திங்க."

"ஓம் நானா. பிழைதான்."

"அண்டைக்கு வாயத் தொறந்திட்டிங்கதானே. அது போதும்." சறத்தை மடித்துக் கட்டினார். "ஆனா ஒங்கள நான் சும்மா உடமாட்டன்."

சும்மா விடவில்லை. முதல் பயணத்தில் லோஞ்சு கரையை விட்டதும் எழும்பி நின்று, அறுபது பேருக்கும் கேட்கக் கையைத் தட்டினார்.

"எல்லாரும் இங்க பாருங்க! நம்மள எல்லாம் கைய உசத்தி நிக்கவெச்ச இஞ்சின் டொக்டர் இவருதான். எழும்புங்க மாப்புள, சனம் பாக்கட்டும்!"

நான் எழும்பவில்லை. எஞ்சினுக்குப் பின்னால் என்னால் முடிந்த அளவு சின்னதாகினேன். வியாழக்கிழமை கோழியோடு நின்றவரும் அன்று வந்திருந்தார். அவர் மட்டும் என்னை நெடுநேரம் பார்த்தார்.

குடாவின் நடுவில் ரோந்துப் படகு கை காட்டியது. ஹனீபா நானா ஸ்லோவில் விட்டார். அறுபது பேரும் எஞ்சினைத்தான் கேட்டார்கள். அது நடுங்கவில்லை. புகைக்கவில்லை. ரோந்துப் படகு கிட்ட வந்தது. அதில் இருந்த சிப்பாய் எங்கள் புகைக்குழாயைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். அவர் போன கிழமை கண்டது வெள்ளைப் புகை விட்டுக் குலுங்கும் லோஞ்சு; தன் படகின் இரைச்சலில் எங்கள் எஞ்சின் அவருக்குக் கேட்கவுமில்லை. எஞ்சின் திரும்பவும் செத்துவிட்டதா என்று சிங்களத்தில் அதட்டிக் கேட்டார். துவக்கு தோளில் இருந்து கைக்கு வந்தது.

ஹனீபா நானாவுக்கு நல்ல சிங்களம் தெரியும். ஆனாலும் என்னைப் பார்த்தார்.

"செல்லுங்க மாப்புள. ஒங்கட இஞ்சின்தானே."

நான் எழும்பி நின்றேன். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், ஓடுகிறது ஐயா, நன்றாக ஓடுகிறது என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. சிப்பாய் குனிந்து லோஞ்சின் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தார். எஞ்சினின் மெல்லிய அதிர்வு கையில் பட்டதும் சிரித்து, போகச் சொல்லிக் கை காட்டினார். சனம் ஆரவாரித்தது. யாரோ முதுகில் தட்டினார்கள்.

நான் திரும்பியபோது, நான் இருந்த இடத்தில் ஒரு அம்மா தன்னுடைய மரக்கறிக் கூடையை வைத்துவிட்டிருந்தார். அதை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூதூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.